இருவரும் தோற்காத ஆட்டம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே சதுரங்கத்தைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியர் வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கல்லூரியிலே தமிழ் கற்பிப்பதோடு சதுரங்கக் கழகத்துக்கும் நான் பொறுப்பாசிரியர். விளையாட்டில் எனக்குத் தேர்ச்சி உண்டு என்பதற்காக அந்தப் பொறுப்பு என்னிடம் வரவில்லை. ஏற்பதற்கு வேறொருவரும் முன்வரவில்லை, ஆதலால் வந்தது. அந்தப் பொறுப்பினாலே என்னிடம் ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. அதற்கு விடை தேடப் போனபோது புறநானூற்றின் வாசலிலே போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வலயமட்டப் போட்டியொன்றின் கடைசிச் சுற்று. எங்கள் கழகத்து ஒன்பதாந்தர மாணவன் ஒருவன், வேறொரு கல்லூரி மாணவனுடன் விளையாடிக்கொண்டிருந்தான். இடையிலே கவனக்குறைவால் ஒரு குதிரையை இழந்துவிட்டான். அதன் பின்னர் ஒவ்வொன்றாக எல்லாம் போயின. முடிவில் அவனிடம் எஞ்சியது அரசன் மட்டுமே. எதிராளியிடம் அரசனும் ஓரத்துக் காலாள் ஒன்றும் இருந்தன. காலாள் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தால் அரசியாக மாறிவிடும் என்பது நேயர்கள் அறிந்ததே. சுற்றி நின்றவர்கள் ஆட்டம் முடிந்தது என்று கலையத் தொடங்கினார்கள். பையனோ கட்டங்களை விரல்விட்டு எண்ணினான். தன் அரசனை மூலைக் கட்டத்தை நோக்கி ஓட்டினான். காலாள் வருவதற்கு முன்னர் அங்கே போய்ச் சேர்ந்தும் விட்டான்.

பலகையின் ஓரத்துக் காலாளுக்கு ஒரு குறை உண்டு. எதிர் அரசன் அந்த மூலையிலே புகுந்துகொண்டால் அவனை அங்கிருந்து கிளப்ப முடியாது. நெருக்கினால் அவனுக்கு நகர இடமில்லாமற் போகும். ஆனால் அவனுக்குச் செக்கும் இராது. செக் இல்லாமல், நகரவும் முடியாமல் ஒருவர் நிற்பதை ஸ்டேல்மேட் என்பர். அப்போது ஆட்டம் சமநிலை. இருவருக்கும் அரைப் புள்ளி.

பையன் மகிழ்ச்சியோடு வெளியே வந்தான். வாசலிலே மோட்டார்ச் சைக்கிளோடு தகப்பனார் நின்றார்.

"என்ன தம்பி, வெண்டனியோ, தோத்தனியோ?"

"ரெண்டும் இல்லையப்பா. ட்றோ."

"அப்ப ஒண்டும் இல்லையெண்டு சொல்லு."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த களைப்பிலே சாதாரணமாகச் சொன்னார். பையனின் முகம் சுருங்கியதை நான் கண்டேன். தகப்பனாரை மனதுக்குள் குறையும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை நான் செய்தது என்ன? காலைக் கூட்டத்தில் வாசிப்பதற்குப் போட்டி முடிவுகளை எழுதியவன் நானே. கடைசிச் சுற்றில் வென்றவர்களின் பெயர்களை எழுதினேன். தோற்றவர்களின் பெயர்களை மரியாதை கருதி விட்டேன். அந்தப் பையனின் பெயரையும் அவர்களோடு சேர்த்து விட்டுவிட்டேன். இடைவேளையிலே அவன் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து, "சேர், அரைப் புள்ளி கணக்கில வராதோ?" என்று கேட்டான்.

நேயர்களே, நான் விடை தேடிய கேள்வி இதுதான்.

முதலில் சதுரங்க வரலாற்றிலே தேடினேன். அரைப் புள்ளி கணக்கில் வராத காலம் ஒன்று இருந்திருக்கிறது. 1851 இல் லண்டனில் நடந்த முதலாவது சர்வதேசப் போட்டியில் சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் கணக்கில் எடுக்கப்படவில்லை. 1867 இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரிலே நடந்த போட்டியில்தான் சமநிலைக்கு அரைப் புள்ளி கொடுக்கும் வழக்கம் ஆரம்பமாயிற்று. ஸ்டேல்மேட்டின் கதை இன்னும் விசித்திரமானது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலே எதிராளியை அவ்வாறு முடங்கச் செய்தவர் தோற்றவராகக் கருதப்பட்டார். பின்னரே அது சமநிலை என்று ஆகியது. ஆகவே அரைப் புள்ளி என்பது மனிதர் தமக்குள் யோசித்து ஏற்படுத்திய ஒரு நியாயம். அந்த நியாயத்தின் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

டண்டிப் போட்டி நடந்து ஐந்தாண்டுகளின் பின், 1872 இல், ஒஸ்திரியாவின் தலைநகரமாகிய வியன்னாவிலே இருவர் ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஒருவர் கார்ல் ஹம்பே. 1814 இல் சுவிற்சர்லாந்திலே பிறந்து, வியன்னாவில் அரசாங்க உயர் அதிகாரியாக இருந்தவர். மற்றவர் பிலிப் மைட்னர். முப்பது வயதைத் தாண்டியிருந்த ஒரு வழக்கறிஞர். இருவருக்கும் சதுரங்கம் சீவனோபாயம் அன்று. அலுவல் முடிந்த பின் ஆடியவர்கள். பிற்காலத்தில் முதலாவது உலகச் சம்பியனான ஸ்டெய்னிட்ஸ் இளைஞராக வியன்னாவில் இருந்த நாளிலே அவரோடு ஆடியவர் ஹம்பே என்பதும் உண்மை. ஆயினும் இன்று உலகம் இவ்விருவரையும் பெரும்பாலும் நினைவிற் கொள்வது இந்த ஒரே ஆட்டத்தால். அது பதினெட்டே நகர்வுகளில் முடிந்தது. முடிவோ சமநிலை.

அந்த ஆட்டத்தைப் பலகை இல்லாமலே உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அரசன், அரசி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்ற ஆறு பெயர்களும் நினைவிலிருந்தாற் போதும்.

வெள்ளை ஹம்பேயுடையது, கறுப்பு மைட்னருடையது. மூன்றாம் நகர்விலே ஹம்பே தம் குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு அனுப்பி, மைட்னரின் மந்திரியைத் துரத்தப் பார்க்கிறார். மந்திரி பின்வாங்கவில்லை. நேரே போய் ஹம்பேயின் அரசனுக்குப் பக்கத்திலிருந்த காலாளை வெட்டிச் செக் கொடுக்கிறது. அரசன் அந்த மந்திரியை வெட்டுகிறான். வெட்டியதால் வீட்டுவாசலுக்கு வந்துவிடுகிறான். உடனே கறுப்பு அரசி பாய்ந்து வந்து செக் கொடுக்கிறாள். அரசன் உள்ளே திரும்பவில்லை, வெளியே நடக்கிறான். ஒருபுறம் செக், மறுபுறம் செக். நடந்து நடந்து பலகையின் மற்றைப் பக்கத்துக்கே போய்விடுகிறான்.

ஒன்பதாம் நகர்விலே மைட்னர் தம் அரசியையே ஒரு குதிரைக்காகக் கொடுத்துவிடுகிறார். அரசியைக் கொடுப்பதென்பது, நேயர்களே, வீட்டை விற்று வழக்காடுவதைப் போன்றது. வென்றால் எல்லாம் உண்டு, இல்லையேல் ஒன்றுமில்லை. வெள்ளை அரசன் அரசியை வெட்டுகிறான். அடுத்து ஒரு குதிரையும் அவன் முன்னே பலியாக வைக்கப்படுகிறது. அதையும் வெட்டியபோது அவன் எதிரியின் நிலப்பரப்புக்குள் தன்னந்தனியனாக நிற்கிறான். இப்போது மைட்னர் அவசரப்படாமல் தம் மற்றைக் குதிரையை மெதுவாக முன்னே வைக்கிறார். செக் எதுவும் இல்லை. ஆனால் இன்னும் இரண்டு நகர்வில் காலாளும் மந்திரியும் சேர்ந்து அரசனைச் செக்மேட் செய்துவிடும். வெள்ளைக்கு அரசி இருக்கிறாள், இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. எல்லாம் பிறந்த இடத்திலேயே கிடக்கின்றன. உதவிக்கு வர எவருக்கும் நேரமில்லை.

அப்போது ஹம்பே செய்தது அற்புதம். தம் மந்திரியை முதலில் ஒரு செக்குடன் முன்னே கொண்டுபோனார். அடுத்த நகர்வில், எதிராளியின் காலாளும் வெட்டலாம், குதிரையும் வெட்டலாம் என்ற கட்டத்திலே அதை வைத்தார். அந்த மந்திரி அங்கே நின்றதால், செக்மேட் வரவிருந்த வழி அடைபட்டது. மைட்னர் காலாளால் ஒரு செக் கொடுத்துவிட்டு, மந்திரியைக் குதிரையால் வெட்டினார். அந்தக் குதிரையை ஹம்பேயின் அரசன் வெட்டினான்.

இனி மைட்னர் என்ன செய்வார்? கையிலே இரண்டு கோட்டைகளும் ஒரு மந்திரியும் காலாட்களுமே எஞ்சியிருக்கின்றன. அந்த மந்திரியையும் அரசன் பக்கத்திலே வைத்துச் செக் கொடுக்கிறார். 'வெட்டு' என்கிறார். வெட்டினால் அரசன் திரும்பிவர வழியில்லை. கோட்டை வந்து கதையை முடித்துவிடும். ஹம்பே அதைக் கண்டுகொண்டார். வெட்டாமல் ஒரு கட்டம் பின்வாங்கினார். மந்திரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்து மீண்டும் செக் கொடுத்தது. இப்போது அரசன் தன் பக்கம் ஓடலாம் போலத் தோன்றும். ஓடினால் ஒரு சின்னஞ்சிறு காலாளே அவனைச் செக்மேட் செய்துவிடும். ஹம்பே அதையும் கண்டுகொண்டார். முன்பு நின்ற கட்டத்துக்கே அரசனை வைத்தார். மந்திரியும் முன்பு நின்ற கட்டத்துக்குப் போய்ச் செக் கொடுத்தது.

இது முடிவில்லாமற் போகக்கூடிய ஆட்டம். மைட்னர் செக்கை நிறுத்தினால், எதிரியின் பெரும் படை விழித்துக்கொள்ளும், அவர் தோற்பார். ஹம்பே வேறு கட்டத்துக்குப் போனால் அவர் தோற்பார். அதனால் இருவரும் அவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளையின் பதினெட்டு நகர்வுகளைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். அவற்றிற் பன்னிரண்டு அரசன் நடந்தவை. வெள்ளை அரசியோ ஒரு கட்டமும் நகரவில்லை.

1851 இல் லண்டனிலே அன்டர்சன் கீஸரிட்ஸ்கியை வென்ற ஆட்டத்தைச் சதுரங்க உலகம் 'அழியாத ஆட்டம்' என்று அழைக்கிறது. வியன்னாவின் இந்த ஆட்டத்துக்கு 'அழியாத சமநிலை' என்று பெயர். முன்னையதில் புகழ் அன்டர்சனுக்கு. பின்னையதில் யாருக்கு? தாக்கியவருடைய துணிவும் தப்பியவருடைய நிதானமும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எதிராளி சிறந்தவராக இருந்தமையாலேயே மற்றவரின் சிறப்பு வெளிப்பட்டது. மைட்னர் அரசியைக் கொடுக்காதிருந்தால் ஹம்பேயின் அந்த மந்திரி நகர்வை நாம் அறிந்திருக்கப் போவதில்லை.

சமநிலைகள் எல்லாம் இப்படிப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. 1984 செப்டெம்பரில் மொஸ்கோவிலே கார்ப்போவும் கஸ்பரோவும் உலகப் பட்டத்துக்காக ஆடத் தொடங்கினார்கள். 1985 பெப்ரவரியில் போட்டி முடிவின்றியே நிறுத்தப்பட்டது. அதற்குள் 48 ஆட்டங்கள் நடந்திருந்தன. அவற்றில் 40 சமநிலை! இன்றும் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளோடு கைகுலுக்கிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. தோல்விக்கு அஞ்சி எடுத்துக்கொள்ளும் அரைப் புள்ளி வேறு. உள்ளதெல்லாவற்றையும் கொடுத்தபின் கிடைக்கும் அரைப் புள்ளி வேறு. தாளிலே இரண்டும் ஒன்றாகத்தான் எழுதப்படும். பக்கத்திலிருந்து பார்த்தவர்தான் வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் பக்கத்தில் இருப்பது அதற்காகத்தான்.

இனி நமது மொழிக்கு வருவோம். ரஷ்ய மொழியில் சமநிலையைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஒருவருக்கும் உரியதன்று' என்பது பொருள். நமது பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் 'ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிவுற்றது' என்று எழுதும். அதுவும் இல்லாததைச் சொல்லும் வாக்கியம்தான். மோட்டார்ச் சைக்கிளில் நின்ற தகப்பனார் சொன்னதும் அதுவே: ஒன்றும் இல்லை. இருப்பதைச் சொல்லும் சொல் நம்மிடம் இல்லையா என்று யோசித்தேன்.

நமது முன்னோர் போரின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பூவைச் சூட்டியவர்கள். ஆநிரை கவர வெட்சி, மண்ணாசையாற் படையெடுக்க வஞ்சி, மதிலை முற்ற உழிஞை, நேருக்குநேர் பொருதத் தும்பை, வென்றபின் வாகை. சமநிலைக்கென்று தனியே ஒரு பூ இல்லை. ஆனால் தும்பைக்குள்ளே ஒரு துறை உண்டு. அதற்குத் தொகைநிலை என்று பெயர். இரு பெருவேந்தரும் அவர்தம் படைகளும் ஒருவர் எஞ்சாமல் ஒரே களத்தில் மடிந்து கிடப்பது தொகைநிலை. புறநானூற்றின் 62 ஆம், 63 ஆம் பாடல்கள் அத்துறையில் அமைந்தவை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது இருவருமே மாண்ட களத்தை முன்னதில் கழாத்தலையாரும் பின்னதில் பரணரும் பாடியிருக்கிறார்கள். ஆக, நமது மரபு நன்கு அறிந்திருந்த சமநிலை இருவரும் இறந்துபட்ட சமநிலையே. படித்தபோது நெஞ்சு கனத்தது. நமது மண்ணிலே வாழ்ந்தவர்களுக்கு அந்தத் துறையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

அதே புறநானூற்றில் இன்னொரு பாடல் இருக்கிறது. 45 ஆவது பாடல். பாடியவர் கோவூர் கிழார். நெடுங்கிள்ளி உறையூரிலே மதிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நிற்கிறான். இருவரும் சோழர். புலவர் அவர்கள் சூடிய மாலையைக் காட்டுகிறார். உன்னை எதிர்ப்பவன் சேரனின் பனம்பூவைச் சூடியவனல்லன், பாண்டியனின் வேப்பம்பூவைச் சூடியவனுமல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். இருவரும் வெல்வது இயற்கையில் இல்லாதது என்பதையும் சொல்லி, இந்தப் பகை உங்களைப் போன்ற பிற வேந்தருக்குத்தான் மகிழ்ச்சி தரும் என்று முடிக்கிறார்.

பல ஆண்டுகளாக உயர்தர வகுப்பிலே இந்தப் பாடலைக் கற்பித்திருக்கிறேன். சந்துசெய்வித்தற்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். அந்தப் பையனின் கேள்விக்குப் பிறகுதான் அதிலே சொல்லாமல் விடப்பட்ட பகுதி எனக்குத் தெரிந்தது. இருவரும் வெல்லுதல் இயலாது என்கிறார் புலவர். இருவரும் தோற்காதிருத்தல் இயலும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கத்தான் அவர் அந்த மதிலுக்கும் படைக்கும் நடுவிலே வந்து நின்றிருக்கிறார். தொகைநிலைக்கு மறுதலையான ஒரு சமநிலையை, இருவரும் உயிரோடு வீடு திரும்பும் ஒரு முடிவை, அவர் கேட்டார்.

வியன்னாவின் அந்த இரு மனிதரிடமும் நான் கண்டது அதைத்தான். போரின் வடிவிலே அமைந்த ஒரு விளையாட்டு. இருவரும் முழு வலுவோடு மோதினார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவிலே இரண்டு அரசர்களும் உயிரோடு நின்றார்கள்.

மைட்னரைப் பற்றி ஒரு செய்தி. அந்த ஆட்டம் நடந்து ஆறு ஆண்டுகளின் பின், 1878 இல், அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். லீசே மைட்னர் என்று உலகம் போற்றும் பௌதிக விஞ்ஞானி அவர்தான். யூத வழியினரானதால் 1938 இல் பேர்லினை விட்டுத் தப்பியோட நேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில், முப்பதாண்டுகள் தம்மோடு பணியாற்றிய ஒட்டோ ஹான் பேர்லினிற் கண்ட பரிசோதனை முடிவுக்கு, அணுக்கரு பிளவுறுகிறது என்ற விளக்கத்தைத் தம் சகோதரியின் மகன் ஒட்டோ ஃபிரிஷ் என்பவரோடு சேர்ந்து கொடுத்தார். 1944 ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் வழங்கப்பட்டது. தகப்பனார் பலகையிலே எதிராளியோடு பகிர்ந்துகொண்ட அரைப் புள்ளி, மகளுக்கு உலகத்திலே கிடைக்கவில்லை. பிற்காலத்தில் 109 ஆம் மூலகத்துக்கு மைட்னேரியம் என்று அவர் பெயரை வைத்தார்கள். காலந்தாழ்த்தி வந்த கணக்கு அது.

நேயர்களே, இந்தக் கணக்குத்தான் என்னைச் சுட்டது. நானும் ஓர் அறிக்கையிலே ஒரு பெயரை விட்டவன் அல்லவா?

அடுத்த திங்கட்கிழமை மீண்டும் எழுதினேன். கடைசிச் சுற்றில் எங்கள் மாணவன் ஒரு குதிரையை இழந்த பின்னரும் ஆட்டத்தைக் கைவிடாது, தனி அரசனோடு நின்று சமநிலை கண்டான் என்று எழுதினேன். அவனோடு ஆடிய மற்றக் கல்லூரிப் பிள்ளையின் பெயரையும் எழுதினேன். எங்கள் கூட்டத்திலே வேறொரு கல்லூரிப் பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டபோது மாணவர்களிடையே சிறு சலசலப்பு எழுந்தது. அதிபர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மற்றப் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். கையிலிருந்த வெற்றி நழுவிப்போனது அவனுக்கு. அவனுடைய வீட்டிலும் யாரோ ஒருவர் கேட்டிருப்பார். ஆனாலும் ஆட்டம் முடிந்தவுடன் அவன் எழுந்து போகவில்லை. இரண்டு பேரும் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தின் கீழே பலகையை விரித்து, காய்களை மீண்டும் அடுக்கி, 'இதிலே நான் இப்பிடி வைச்சிருந்தா?' 'அப்ப நான் இப்பிடி வந்திருப்பன்' என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வென்றவனும் தோற்றவனும் அப்படி இருந்து பேசுவது அரிது. ஒருவனுக்கு அவசரம் இருக்கும், மற்றவனுக்குக் கசப்பு இருக்கும்.

ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் நகர்வுகளை எழுதிய தாளிலே இரு ஆட்டக்காரரும் கையொப்பமிடுவது வழக்கம். அந்தப் பையனின் தாள் இன்னும் என் மேசை இலாச்சியிலே இருக்கிறது. அரை, அரை என்று எழுதி, கீழே இரண்டு பிள்ளைகளின் கையெழுத்துகள். தம்பி, அரைப் புள்ளி கணக்கில் வரும். அதை எழுத மறந்தவர் உன் ஆசிரியர்தான்.